மரபுரிமையும் புறக்கணிப்பும்: யுனிக்ஸ் முறைமையில் சமிக்ஞை ஏற்பாடுகள் கையளிக்கப்படுமாறு பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ளோர், பிரதியொன்றினை அதன் சொற்களை மாத்திரம் கொண்டு விளங்கிக்கொள்ள முற்படுவதன் போதாமையை நன்கறிவர். அப்பிரதி எச்சூழலில் எழுந்தது, எவரிடமிருந்து எவருக்குக் கையளிக்கப்பட்டது என்பன அறியப்படாதவிடத்து அதன் பொருள் முழுமை பெறுவதில்லை. கணனிக்கென எழுதப்படும் பிரதிகளுக்கும் இவ்வுண்மை பொருந்துமா என்ற வினா எழலாம். கணனி எழுதியதை எழுதியவாறே செய்யும், சூழல் எதனையும் அது அறியாது என்பதே பொதுவாக நிலவும் எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது என்பதை ஒரு குறிப்பிட்ட விடயத்தினூடாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்கிரிப்ற் எனப்படும் கட்டளைக்கோவை ஒன்று பிற செய்நிரல்களைத் துணைச் செயன்முறைகளாகத் தொடக்கிவைக்கும்போது, அவை தமது தாய்ச் செயன்முறையிடமிருந்து சில சமிக்ஞை ஏற்பாடுகளை மரபுரிமையாகப் பெறுகின்றன. அவ்வேற்பாடுகளே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் விடயம். இது தொழினுட்ப வல்லுநருக்கு மட்டுமே உரியதெனத் தோன்றக்கூடும். ஆயின், இன்று சொல்லடைவுகள், பாடபேத ஒப்பீடுகள், பழைய சஞ்சிகைகளின் எண்ணிமப் படிகள் ஆகியவற்றைத் தயாரிக்கும் பணியில் இத்தகைய கட்டளைக்கோவைகள் பெரும்பங்கு வகிக்கின்றன. சொல்லடைவைத் தயாரிக்கும் செய்நிரலொன்று பாதிவழியில் தோல்வியுற்றிருக்க, அதனை இயக்கிய கட்டளைக்கோவை 'பணி நிறைவுற்றது' என அறிக்கை தருமாயின், அவ்வடைவினை ஆதாரமாகக் கொண்டு நாம் நிறுவும் முடிவுகளின் கதி யாது? இது கற்பனையான அச்சமன்று என்பதைப் பின்னர் காண்போம்.

2

யுனிக்ஸ் எனும் பணிசெயல் முறைமை 1969ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து மறே ஹில்லில் அமைந்திருந்த பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோரால் உருவாக்கப்படத் தொடங்கியது. அதன் முதற் பயனர்களுள் எழுத்துவேலை செய்தோரும் அடங்குவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பி.டி.பி.-11 எனும் பொறியினைப் பெறுவதற்கு முன்வைக்கப்பட்ட நியாயமே ஆவணத் தயாரிப்புத்தான். 1971இல் ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பகுதியைச் சேர்ந்த தட்டெழுத்தாளர்கள் தமது விண்ணப்பங்களை இம்முறைமையிலேயே தயாரித்தனர். எனவே எழுத்துக்களைக் கையாளும் பணிக்கும் யுனிக்ஸுக்குமுள்ள தொடர்பு பிற்காலத்தில் ஏற்பட்டதொன்றன்று.

நமது விடயத்துக்கு இன்றியமையாத இரு அம்சங்கள் அக்காலத்திலேயே தோன்றின. முதலாவது, செயன்முறையொன்று பிறிதொன்றைத் தோற்றுவிக்கும் முறை. யுனிக்ஸில் இது இரு படிகளாக நிகழ்கின்றது. போர்க் எனும் அழைப்பு, இயங்கிக்கொண்டிருக்கும் செயன்முறையை அப்படியே பிரதிசெய்து ஒரு சேயினைத் தோற்றுவிக்கும். எக்செக் எனும் அழைப்பு, அச்சேயினுள் இருந்த செய்நிரலை அகற்றிவிட்டு வேறொரு செய்நிரலை அவ்விடத்தில் இருத்தும். வளம் குறைந்த சிறிய பொறியொன்றில் இவ்வாறு பிரித்தமைப்பதே இலகுவாயிருந்தது. பி.டி.பி.-7 பொறியில் போர்க் அழைப்புக்கு 27 வரிகளே தேவைப்பட்டன என்று றிச்சி பின்னர் குறிப்பிட்டார். இரண்டாவது, குழாய். ஒரு செய்நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் இவ்வமைப்பினை டக்ளஸ் மக்கில்றோய் நெடுங்காலம் வற்புறுத்திவந்தார். 1973இல் தொம்சன் அதனை நடைமுறைப்படுத்தினார்.

இம்முறைமை பரவியமைக்கும் ஒரு பொருளாதாரப் பின்னணி உண்டு. பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளரான ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் தொலைபேசித் துறையில் ஏகபோகம் பெற்றிருந்தது. 1956இல் அரசுடன் ஏற்பட்ட நீதிமன்ற இணக்கத்தின்படி அது பிற வணிகங்களில் ஈடுபட இயலாதிருந்தது. எனவே யுனிக்ஸ், மூலநிரலுடன் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் அது தனியொரு கிளையாக வளர்ந்தது. 1984இல் நிறுவனம் பிரிக்கப்பட்டபின் மறு கிளை முழு வணிகப் பண்டமாயிற்று. கிளைகளுக்கிடையே சமிக்ஞை பற்றிய விதிகளும் வேறுபட்டன. அவற்றை ஒருமுகப்படுத்த எழுந்த பொசிக்ஸ் நியமம் 1988இல் வெளிவந்தது. இன்றைய லினக்ஸ் முறைமையும் பெரும்பாலும் அந்நியமத்தின் வழியே ஒழுகுகின்றது.

3

சமிக்ஞை என்பது ஒரு செயன்முறைக்கு அனுப்பப்படும் மிகச் சுருக்கமான செய்தியாகும். அதற்கு ஓர் எண்ணும் ஒரு பெயரும் மாத்திரம் உண்டு. முனையத்தின் தொடர்பு அறுந்ததை சிக்ஹப் அறிவிக்கும். அதன் எண் 1. பயனர் இடைநிறுத்த விசையை அழுத்தியதை சிக்இன்ற் அறிவிக்கும், எண் 2. படிப்போர் எவருமற்ற குழாயில் எழுத முற்பட்டதை சிக்பைப் அறிவிக்கும், எண் 13. முடிவுறுமாறு வேண்டுவது சிக்ரேம், எண் 15. சேய்ச் செயன்முறை முடிவுற்றதைத் தாய்க்கு அறிவிப்பது சிக்சைல்ட்.

ஒவ்வொரு சமிக்ஞை தொடர்பாகவும் செயன்முறையொன்று மூன்று ஏற்பாடுகளுள் ஒன்றைக் கொண்டிருக்கும். ஒன்று, இயல்பு ஏற்பாடு: மேற்கூறியவற்றுள் சிக்சைல்ட் தவிர்ந்த ஏனையவற்றுக்கு இது செயன்முறையின் முடிவினைக் குறிக்கும். இரண்டு, புறக்கணிப்பு: சமிக்ஞை வந்ததாகவே கொள்ளப்படாது. மூன்று, கையாளல்: செய்நிரலர் எழுதிய ஒரு பகுதி இயக்கப்படும். இவற்றுக்குப் புறம்பாக, சமிக்ஞையைத் தற்காலிகமாகத் தடுத்துவைக்கும் தடுப்புப் பட்டியல் ஒன்றும் உண்டு. தடுக்கப்பட்ட சமிக்ஞை அழிவதில்லை. தடை நீங்கும்வரை காத்திருக்கும். சிக்கில், சிக்ஸ்ரொப் என்னும் இரண்டினை மாத்திரம் எவரும் புறக்கணிக்கவோ தடுக்கவோ இயலாது.

மரபுரிமை பற்றிய விதி பின்வருமாறு. போர்க் நிகழும்போது ஏற்பாடுகள் யாவும், தடுப்புப் பட்டியலும், சேய்க்கு அப்படியே செல்கின்றன. எக்செக் நிகழும்போது கையாளப்பட்ட சமிக்ஞைகள் இயல்பு நிலைக்குத் திரும்புகின்றன. ஆனால் புறக்கணிக்கப்பட்டவை புறக்கணிக்கப்பட்டவையாகவே நீடிக்கின்றன. தடுக்கப்பட்டவையும் தடுக்கப்பட்டவையாகவே நீடிக்கின்றன.

முதல் நோக்கில் இவ்விதி முரணானதாகத் தோன்றும். கையாளல் அழிய, புறக்கணிப்பு நிலைப்பது ஏன்? இதற்கான காரணங்கள் இரண்டு. ஒன்று பொறியின் இயல்பினின்றும் பிறப்பது. கையாளும் பகுதி பழைய செய்நிரலின் நினைவகத்தில் இருந்தது. எக்செக் அந்நினைவகத்தையே அகற்றிவிடுகின்றது. இல்லாத முகவரிக்குச் சமிக்ஞையை அனுப்ப முடியாது. புறக்கணிப்புக்கோ முகவரி எதுவும் வேண்டியதில்லை. மற்றக் காரணம் பயனர் தேவையினின்றும் பிறந்தது. அக்காலத்து முனையங்கள் பல தொலைபேசி இணைப்பின் வழியாகப் பொறியுடன் தொடர்புகொண்டன. இணைப்பைத் துண்டித்ததும் சிக்ஹப் வந்து செயன்முறைகளை முடித்துவிடும். நீண்ட பணியொன்றை விட்டுச்செல்ல விரும்பியவருக்கு நோஹப் எனும் கட்டளை உதவியது. அது செய்வதெல்லாம், சிக்ஹப்பைப் புறக்கணிக்குமாறு ஏற்பாடு செய்து, பின் எக்செக் மூலம் வேண்டிய செய்நிரலுக்கு இடங்கொடுப்பதேயாகும். புறக்கணிப்பு எக்செக்கைத் தாண்டி நீடியாதாயின் நோஹப் பயனற்றதாகிவிடும்.

ஆகவே இவ்விதி தற்செயலானதன்று. ஒரு காலத்தின் உண்மையான தேவைக்கு விடையாக அமைந்தது. ஆனால் விடை நிலைத்துவிட, வினாக்கள் மாறிக்கொண்டு வந்துள்ளன. இன்றைய சிக்கல்கள் யாவும் இவ்விடைவெளியினின்றே தோன்றுகின்றன.

4

மூன்று எடுத்துக்காட்டுக்களைக் காண்போம்.

முதலாவது சிக்பைப் பற்றியது. ஒரு நூற்றொகுதியின் சொற்களை எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, முதல் 100 சொற்களை மாத்திரம் எடுக்க வேண்டுமெனக் கொள்வோம். வரிசைப்படுத்தும் சோர்ட் கட்டளையின் வெளியீட்டை ஹெட் எனும் கட்டளைக்குக் குழாய்வழி அனுப்புவது வழக்கம். ஹெட் 100 வரிகளைப் பெற்றதும் முடிவுறும். அதன்பின் எழுத முற்படும் சோர்ட்டுக்குச் சிக்பைப் வரும்; அது அமைதியாக முடிவுறும். எழுதியது சேர்ந்ததா எனச் சரிபார்க்காத செய்நிரல்கள் வீணே இயங்குவதைத் தவிர்க்க இவ்வேற்பாடு உதவுகின்றது.

ஆனால் வலையமைப்புச் சேவையொன்றை நடத்தும் செய்நிரலின் தேவை இதற்கு நேர்மாறானது. ஆயிரம் பேருக்குச் சேவை வழங்கும் அது, ஒருவர் தொடர்பைத் துண்டித்தமைக்காகத் தானே மடிந்துவிடலாகாது. எனவே அத்தகைய செய்நிரல்கள் சிக்பைப்பைப் புறக்கணிக்கின்றன. எழுதும் அழைப்பு தரும் பிழைச்செய்தியைக் கொண்டு நிலைமையை அறிகின்றன. பைதன் மொழி தொடக்கத்திலேயே இவ்வழியை மேற்கொள்கின்றது. லினக்ஸ் முறைமைகள் பலவற்றில் சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்ரெம்-டியும், வேறு அறிவுறுத்தல் இல்லாவிடத்து, தன்கீழ் இயங்கும் சேவைகளுக்குச் சிக்பைப்பைப் புறக்கணிப்பாகவே கையளிக்கின்றது. இதன் விளைவு யாது? முனையத்திலிருந்து நாம் இயக்கும்போது அமைதியாக நிறைவுறும் அதே கட்டளைக்கோவை, சேவையாக இயங்கும்போது 'குழாய் முறிந்தது' என முறையிடுகின்றது. எழுதும் அழைப்பின் விளைவைச் சரிபார்க்காத செய்நிரலாயின், கேட்போர் எவருமின்றி இறுதிவரை எழுதிக்கொண்டேயிருக்கும். பிரதியில் ஓரெழுத்தும் மாறவில்லை. மாறியது அதனை இயக்கிய தாயே.

இரண்டாவது எடுத்துக்காட்டு சிக்இன்ற் பற்றியது. ஊடாட்டமற்ற ஷெல் ஒன்று, பின்னணியில் இயங்குமாறு தொடக்கும் கட்டளைகளுக்குச் சிக்இன்ற், சிக்குயிற் ஆகிய இரண்டையும் புறக்கணிப்பாக்கியே கையளிக்கும். இதுவும் பழைய தேவையின் எச்சமாகும். பேர்க்லியில் பணிக்கட்டுப்பாடு தோன்றுமுன்னர், முனையத்தில் அழுத்தப்பட்ட இடைநிறுத்த விசை அம்முனையத்தைச் சார்ந்த செயன்முறைகள் யாவற்றையும் சென்றடைந்தது. முன்னணிப் பணியை நிறுத்த முயலும்போது பின்னணிப் பணியும் மடிவதைத் தவிர்க்கவே இப்புறக்கணிப்பு ஏற்பட்டது. இன்று ஊடாட்ட ஷெல்கள் வேறு வழியைக் கையாளுகின்றன. கட்டளைக்கோவைகளிலோ பழைய விதி நீடிக்கின்றது. எனவே பின்னணியிற் சில பணிகளைத் தொடக்கிய கட்டளைக்கோவையை இடைநிறுத்தும்போது, கட்டளைக்கோவை மடிகின்றது. அதன் சேய்கள் தொடர்ந்து இயங்கி, கோப்புக்களை எழுதிக்கொண்டேயிருக்கின்றன. பைதன் செய்நிரலாயின், தொடக்கத்தில் சிக்இன்ற் புறக்கணிக்கப்பட்டிருப்பதைக் கண்டால் தனது வழமையான இடைநிறுத்தக் கையாளியை நிறுவுவதேயில்லை.

மூன்றாவதே மிகவும் பாரதூரமானது. சிக்சைல்ட் வெளிப்படையாகப் புறக்கணிக்கப்பட்டிருப்பின், முடிவுற்ற சேயின் முடிவுநிலை எண்ணை முறைமை பேணிவைப்பதில்லை. 'என் சேய்க்கு என்ன நேர்ந்தது' எனத் தாய் வினவும்போது, அத்தகைய சேய் எதுவுமில்லை என்ற விடையே கிடைக்கும். இப்புறக்கணிப்பு எக்செக்கைத் தாண்டுமா என்பதனைப் பொசிக்ஸ் அறுதியிடவில்லை; லினக்ஸில் அது தாண்டுகின்றது. இனி, பைதனின் துணைச் செயன்முறைத் தொகுதி இந்நிலையில் என்ன செய்கின்றது? முடிவுநிலை எண்ணைப் பெறமுடியாத நிலையில் அதனைச் சுழியமெனக் கொள்கின்றது. சுழியம் வெற்றியின் குறியாகும். அஃதாவது, தோல்வியுற்ற துணைச் செயன்முறை வெற்றிபெற்றதாகக் கட்டளைக்கோவைக்கு அறிவிக்கப்படுகின்றது. தொடக்கத்தில் நாம் எழுப்பிய வினா இங்கு உயிர்பெறுகின்றது. சொல்லடைவு பாதியில் நின்றிருக்கலாம். பழைய படியொன்று முற்றாகப் பிரதிசெய்யப்படாதிருக்கலாம். மூலம் பத்திரமாயிருக்கின்றதென நம்பி அடுத்த கட்டளை அதனை அழித்தும்விடலாம். இவையனைத்துக்கும் வித்திட்டவர், எங்கோ தொலைவில், தமது வசதிக்காகச் சிக்சைல்ட்டைப் புறக்கணித்துவிட்டுப் பிற செய்நிரல்களைத் தொடக்கிய வேறொரு செய்நிரலராவார்.

5

இந்நிலைமைக்குப் பரிகாரம் யாது? முதற்கண், பெற்றது யாதென அறிதல் வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு செயன்முறைக்குமுரிய நிலைக்கோப்பில், தடுக்கப்பட்டவை, புறக்கணிக்கப்பட்டவை, கையாளப்படுபவை என்பன தனித்தனி வரிகளாகப் பதினாறடியெண்ணில் தரப்படுகின்றன. சிக்பைப் மாத்திரம் புறக்கணிக்கப்பட்டிருப்பின் அவ்வரி 1000 என முடியும். சிக்இன்ற், சிக்குயிற் இரண்டும் எனின் 6 என முடியும். ஒரே கட்டளைக்கோவை ஈரிடங்களில் இருவேறு விதமாக நடந்துகொள்ளும்போது முதலில் ஒப்பிடப்படவேண்டியவை இவ்வரிகளே.

அடுத்து, தொடக்கிவைப்பவரின் பொறுப்பு. போர்க்குக்கும் எக்செக்குக்கும் இடைப்பட்ட கணத்தில் சேய் இன்னும் பழைய செய்நிரலாகவே இருக்கின்றது. ஏற்பாடுகளை இயல்பு நிலைக்குக் கொணரவும் தடுப்புக்களை நீக்கவும் உகந்த வேளை அதுவே. பைதன் 2011இல் வெளிவந்த 3.2ஆம் பதிப்பிலிருந்து துணைச் செயன்முறைகளைத் தொடக்கும்போது சிக்பைப் முதலிய, தான் புறக்கணித்த சிலவற்றைத் தானாகவே மீட்டுவைக்கின்றது. அதற்கு முந்திய பதிப்புக்களில் செய்நிரலரே அதனைச் செய்யவேண்டியிருந்தது. எனினும் இரு வரையறைகள் உள. இம்மீட்பு சிக்சைல்ட், சிக்இன்ற் ஆகியவற்றையோ தடுப்புப் பட்டியலையோ தீண்டுவதில்லை. ஷெல் கட்டளையொன்றை நேரடியாக இயக்கும் பழைய சிஸ்ரம் அழைப்புக்கு இது பொருந்துவதுமில்லை. ஆகவே துணைச் செயன்முறைகளின் முடிவுநிலையை நம்பியிருக்கும் எந்தப் பைதன் கட்டளைக்கோவையும், தொடக்கத்திலேயே சிக்சைல்ட்டை இயல்பு நிலைக்குக் கொணர்தல் நன்று. அதற்கு ஒரு வரியே போதும்.

ஷெல்லில் எழுதப்படும் கட்டளைக்கோவைகளில் நிலைமை கடினமானது. ஊடாட்டமற்ற ஷெல், தான் தொடங்கும்போதே புறக்கணிக்கப்பட்டிருந்த சமிக்ஞையை மீட்கவோ கையாளவோ இடந்தராது. ட்ராப் எனும் கட்டளையை எழுதினாலும் அது பயன்படாது. பிழைச்செய்தியும் பெரும்பாலும் வராது. நோஹப்பின் பயனைக் கட்டளைக்கோவை கெடுத்துவிடாதிருக்க இவ்விதி ஏற்பட்டது. எனவே மீட்புப் பணியை வேறொரு செய்நிரலிடமே ஒப்படைக்கவேண்டும். குனு தொகுப்பின் அண்மைக்காலப் பதிப்புக்களில் என்வ் எனும் கட்டளைக்கு, குறித்த சமிக்ஞையை இயல்பு நிலைக்குக் கொணர்ந்தபின் செய்நிரலைத் தொடக்கும் தெரிவு உண்டு. அது கிடைக்காதவிடத்துப் பேர்ள் மொழியில் எழுதிய ஒரு வரியும் அப்பணியைச் செய்யும். சிஸ்ரெம்-டியின்கீழ் இயங்குவதாயின், சேவைக்குரிய அமைப்புக்கோப்பிலேயே சிக்பைப் புறக்கணிப்பை நீக்கிவிடலாம்.

மூன்றாவது, நாமே மரபினைக் கையளிப்பவராகும்போது கைக்கொள்ளவேண்டிய நெறி. கட்டளைக்கோவை இடைநிறுத்தத்தால் மடியாதிருக்கவேண்டும், ஆனால் அதன் சேய்கள் இயல்பாக நடந்துகொள்ளவேண்டும் என விரும்புவோர், ட்ராப் கட்டளைக்கு வெறுமையைக் கொடுப்பதற்குப் பதிலாக, எதுவுஞ் செய்யாத கட்டளையாகிய முக்காற்புள்ளியைக் கொடுத்தல் வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முன்னையது புறக்கணிப்பு, சேய்களையும் பற்றும். பின்னையது கையாளல், எக்செக்குடன் ஒழியும். மேற்கூறிய விதியின் காரணத்தை உணர்ந்தவருக்கு இவ்வேறுபாடு மனனஞ் செய்யவேண்டிய தந்திரமாகத் தோன்றாது; விதியினின்றே இயல்பாகப் பெறப்படும்.

6

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சமிக்ஞை ஏற்பாடுகள் யாவற்றையும் தொடக்கத்திலேயே இயல்பு நிலைக்குக் கொணர்ந்துவிடுவோம் எனச் சிலர் கூறுவர். அது நோஹப்பின் துணையுடன் ஒரு பணியை விட்டுச்சென்ற பயனரின் வெளிப்படையான விருப்பத்தை அழிப்பதாகும். முகவரியற்ற கையாளி எக்செக்குடன் மறைவதும், பயனரின் வேண்டுகோளாகிய புறக்கணிப்பு நிலைப்பதும் தத்தம் அளவில் நியாயமானவை. மரபு முழுவதையும் ஏற்பதும் முழுவதையும் களைவதும் ஒரே தவற்றின் இரு முகங்களாம். இரண்டுமே எது எதற்காக ஏற்பட்டது என ஆராய்வதைத் தவிர்க்கின்றன. சிக்ஹப் புறக்கணிப்பைப் பேணவும், சிக்சைல்ட் புறக்கணிப்பை நீக்கவும், சிக்பைப்பைப் பணியின் தன்மைக்கேற்பத் தீர்மானிக்கவும் வல்லவர், அவை ஒவ்வொன்றும் தோன்றிய தேவையை அறிந்தவரே.

நமது பல்கலைக்கழகங்களில் நூற்றொகுதிகளையும் அடைவுகளையும் கணனியின் துணைகொண்டு தயாரிப்போர் இன்று பலர். கட்டளைக்கோவை தந்த எண்ணிக்கையை ஆய்வேட்டில் எடுத்தாளுமுன்னர், அக்கட்டளைக்கோவை எவரால், எவ்வேற்பாடுகளின்கீழ் இயக்கப்பட்டது என்பதனையும் அவர்கள் பதிந்துவைத்தல் வேண்டும். ஏட்டுச்சுவடியொன்று எவர் கையினின்றும் பெறப்பட்டது எனப் பதிப்பாசிரியர் குறித்துவைப்பது எவ்வளவு இன்றியமையாததோ, இதுவும் அவ்வளவு இன்றியமையாததாகும்.